என் தம்பி வார்த்த ஈயம்

திருவொற்றியூர் ரயில் நிலையத்தில் அன்று காலை எல்லோரும் என் தம்பியைத்தான் பார்த்தார்கள். தை மாதத்தில் காலை ஏழு மணிக்கு எவ்வளவு வெயில் இருந்துவிடும்? அதற்கு ஓர் அகல விளிம்புத் தோல் தொப்பி. டெக்சஸிலிருந்து தலையிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறி வந்தவன் அவன். கும்மிடிப்பூண்டி வண்டிக்கு டிக்கெட் எடுத்து வந்து பார்த்தால், பூ விற்கும் பெண்ணிடம் அந்தத் தொப்பியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. இந்தப் பயணத்தைப் பற்றி எழுதும் இப்போதும் அது அடங்கவில்லை.

நாங்கள் போனது பழவேற்காட்டுக்கு. எங்கள் தெருவில் பல வருஷமாக ஞாயிறுதோறும் நண்டும் இறாலும் விற்கும் செல்வியின் ஊர் ஏரிக்கரையில் ஒரு குப்பம். லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன்; செல்வி அங்கே வாழ வேண்டியவள். "ஒரு தபா வந்து எங்க ஊட்டு சோறு துன்னுட்டு போக்கா" என்று வருஷா வருஷம் கூப்பிடுவாள். தபால் ஆபீஸ் வேலை இருந்தவரை லீவு இல்லை. ஓய்வு பெற்றபின் சோம்பல். இந்த முறை பொங்கலுக்குத் தம்பி ரகு வந்திருந்தான். செல்வி எங்கள் வாசலில் உட்கார்ந்து, வீட்டில் வலைக்கு ஈயம் காய்ச்சும் வேலை இருப்பதாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவ்வளவுதான். "அக்கா, கிளம்பு" என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அவனுக்கு ஏன் ஈயத்தின் மேல் இவ்வளவு ஆசை என்று சொல்ல வேண்டும். அவன் இருக்கும் ஊரில் கௌபாய் துப்பாக்கிப் போட்டி என்று ஒன்று நடக்கிறதாம். கணினி முன்னால் உட்காருகிறவர்களும் பல் டாக்டர்களும் சனிக்கிழமை ஆனால் பழைய காலத்துக் குதிரைக்காரர்கள் போல வேஷம் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக்கொண்டு, சுழல் துப்பாக்கியால் இரும்புத் தகடுகளைச் சுடுகிறார்கள். யார் சீக்கிரம் சுட்டு முடிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. தகடு பக்கத்திலேயே இருப்பதால் குண்டுக்குப் பெரிய வேகம் வேண்டாம். குண்டு எவ்வளவு இலேசோ அவ்வளவு குறைவாகத் துப்பாக்கி கையில் துள்ளும், அடுத்ததை உடனே சுடலாம். அதனால் ரகு கடையில் தோட்டா வாங்குவதில்லை. கார் ஷெட்டில் ஈயத்தைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, இலேசான குண்டாக வார்த்து, வெற்றுத் தோட்டாவில் தானே மருந்து அளந்து அடைத்து, ஒவ்வொன்றாக மூடுகிறான். அதைப் பற்றி ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

எண்ணூர் தாண்டும்போது ஜன்னலை மூடச் சொன்னேன். அந்த அனல்மின் நிலையச் சாம்பல் நாற்றத்தில் பிறந்து வளர்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு "இதையெல்லாம் யாரும் கேட்கிறதில்லையா?" என்றான். கேட்டுக் கேட்டுத் தொண்டை காய்ந்தவர்கள் அதே பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். 

பொன்னேரியில் இறங்கினோம். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். நேராகப் பேருந்து ஏறியிருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கும். ரகு டயர் கடை ஒன்றைப் பார்த்துவிட்டான். கார் சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் அடிக்கும் சின்னச் சின்ன ஈயத் துண்டுகளை, கழற்றிப் போட்ட பழசுகளை, கடைக்காரரிடம் பேசி ஒரு சின்னச் சாக்கில் வாங்கினான்.

"எதுக்குடா இது?"

"செல்விக்குப் பரிசு. நான் எப்பவும் இதுலதான் குண்டு வார்ப்பேன். முதல் தரமான சரக்குக்கா."

சாக்கை பஸ்ஸில் ஏற்ற நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அதற்கும் ரகுவுக்கு ஒரு சிரிப்பு. திருப்பாலைவனம் வரை நின்றுகொண்டே போனோம். அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. பிறகு நிலம் தட்டையாகி, உப்புக் காற்று ஜன்னல் வழியே வந்தது.

பழவேற்காட்டு ஏரியைக் கடக்கும் பாலத்தில் ஷேர் ஆட்டோ போனபோது, நியாயமாகச் சொன்னால், என் எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். தூரத்தில் பூநாரைகள் வெளிர்சிவப்புக் கோடாக நின்றன. கிட்டத்தில் பெண்கள் வாயில் கூடையைக் கவ்விக்கொண்டு தண்ணீருக்குள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பாலம் இறங்கியதும் காணும் பொங்கலுக்கு வந்துபோன கூட்டத்தின் மிச்சம் கண்ணில் பட்டது. பிரியாணிப் பொட்டலம், பிளாஸ்டிக் தட்டு, உடைந்த பாட்டில். வலை காயவைக்கும் மணலில் பாட்டிலை உடைத்துவிட்டுப் போகிறவனை என்ன செய்தால் தகும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஆட்டோக்காரர், "வர்சா வர்சம் இதே ரோதனதாம்மா. வந்து குந்துறானுங்கோ, துன்றானுங்கோ, ஒட்ச்சிட்டுப் பூட்றானுங்கோ" என்றார்.

பகல் பதினொரு மணிக்குச் செல்வி வீட்டில் இருந்தோம். சிமெண்ட் வீடு, பின்னால் ஓலைத் தட்டி அடைத்த கொல்லை. அவள் கணவர் ஏழுமலை ஐம்பது வயதுக்காரர், வாட்டசாட்டமான மனிதர். இடது கையை நீட்டித்தான் எங்களை வரவேற்றார். வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார். போன வருஷம் முகத்துவாரத்தில் படகு மணல்திட்டில் மோதி மணிக்கட்டு உடைந்ததாம். எலும்பு சேர்ந்துவிட்டது, பிடி மட்டும் வரவில்லை. ஒரு டம்ளரைக்கூட இறுக்கிப் பிடிக்க முடியாது.

சமையலறையில் நண்டு உடைக்கும்போது செல்வி எனக்கு விஷயத்தைச் சொன்னாள். முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஓடும் நல்ல இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சுற்று வரும். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுக்காரன் தன் கையால் வலையை முடித்து, தன் கையால் இறக்க வேண்டும். படகு தள்ள ஆள் வைத்துக்கொள்ளலாம், வலையில் வேறு கை படக் கூடாது. ஏழுமலையின் பாட்டை இரண்டு சுற்றாக அவர் தம்பி முனுசாமி போட்டிருக்கிறார்.

"இன்னிக்கி சாயங்காலம் எங்க பாடுக்கா. இந்த தபாவும் அவரு கையால எறக்கலன்னா பாடு கொயுந்தன் பேருக்குப் பூடும். அப்பறம் அவரு பாட்டுக்காரரே இல்ல. கூலிக்கித்தான் போவணும்."

"முனுசாமி வேண்டாம்னு சொல்ல மாட்டாரா?"

"அவுருக்கும் ரெண்டு புள்ளிங்க கீதே. இன்னான்னு சொல்வாரு?"

வலை புதிது. அடிக்கயிற்றில் ஈயம் கோப்பதுதான் பாக்கி. பிளவு விட்டு வார்த்த ஈயத்தைக் கயிற்றில் மாட்டி, சுத்தியலால் தட்டி மூட வேண்டும். சுத்தியல் பிடிக்க ஏழுமலைக்குக் கை இல்லை.

சமையலறை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ரகு எழுந்தான். எனக்கே அந்த நேரத்தில் அவன்மேல் பிரியம் வந்தது, அதையும் மறைக்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். அடுப்பைச் சமையலறையிலிருந்து தூரமாகக் காற்றோட்டத்தில் வைக்கச் சொன்னான். ஈயப் புகை உடம்புக்கு ஆகாது, சோறாக்கும் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, முடித்ததும் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது என்றெல்லாம் சொன்னான். எல்லாம் சரியான பேச்சு. செல்வி பழைய இரும்புச் சட்டி எடுத்துக் கொடுத்தாள். பிறகு தட்டிக் கதவை இழுத்துக் கட்டினாள்.

"தம்பி, நீங்க அடிக்கிறது இந்தக் கொல்லையோட இருக்கட்டும். வெளிய ஒருத்தருக்கும் தெரிய வாணாம்."

"டாப் சீக்ரெட்" என்று ரகு உதட்டில் விரல் வைத்துச் சிரித்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் கேட்டான், புரிந்துகொண்டான், தலையாட்டினான்.

ஈயம் உருகி, மேலே மிதந்த அழுக்கை அவன் வழித்தெடுத்தபோது, அடியில் பளபளவென்று வந்தது. ஏழுமலையின் அச்சு பெரிய துண்டு வார்ப்பது. ரகு அதில் பாதிக்குக் களிமண் வைத்து அடைத்தான்.

"அண்ணே, இவ்வளவு கனம் எதுக்கு? பாதி போதும். வலை இலேசா இருந்தா நீங்களே ஒத்தக் கையால இழுத்துடலாம். எங்க போட்டியில எல்லாமே இலேசுதான்."

 ஏழுமலை முதலில் வார்த்த துண்டுகளை இடது கையில் போட்டுக் குலுக்கிப் பார்த்தார். ஒத்தக் கையால் இழுக்கலாம் என்ற சொல் அவரை என்ன செய்தது என்று முகத்தில் தெரிந்தது. செல்வி ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினாள்.

"கெட்டியா கீதே. எங்க ஈயம்னா நகம் எறங்கும்."

"கெட்டியா இருந்தாத்தான் நல்லது. மெத்துன்னு இருந்தா துப்பாக்கிக் குழாயில அப்பிக்கும்" என்றான் என் தம்பி. வலையில் ஏதடா குழாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். பசியில் இருந்தேன். ஏழுமலை, "தம்பி செய்யட்டும் வுடு. வெளிநாடெல்லாம் பாத்த கையி" என்று சொல்லிவிட்டார்.

பிற்பகல் முழுக்க ரகு சுத்தியலால் அடித்தான். சில துண்டுகள் வளையாமல் முதுகில் கீறல் விட்டன. "வார்ப்புல காத்து புகுந்திருக்கும்" என்று அவற்றை ஒதுக்கினான். மற்றவை மூடிக்கொண்டது போலத்தான் இருந்தன. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழுமலை வலையை இடது தோளில் போட்டுக்கொண்டு வாசல் வழியாக வெளியே போனார். வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் விடாமல் அவரைப் பார்த்தார்கள். செல்வியின் அண்ணன் படகைத் தள்ளினார். தூரத்திலிருந்து பார்த்தோம்: ஏழுமலை கழியில் கயிற்றைப் பல்லால் கடித்து முடிந்து, ஒற்றைக் கையால் வலையை இறக்கிக்கொண்டிருந்தார். செல்வி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது. ரகு தொப்பியைக் கழற்றி ஆட்டினான்.

காலையில் வெளிச்சம் வருமுன்னே ஆள் பேச்சில் விழித்தேன். படகு கரைக்கு வந்திருந்தது. பக்கத்துப் பாட்டுக்காரர்களின் கூடைகளில் வெள்ளை இறால் துள்ளிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் கூடையில் சில கெளுத்தி, கொஞ்சம் பொடி நண்டு, பாசி. தண்ணீர் கடலுக்கு இழுக்க ஆரம்பித்ததும் இலேசான அடிக்கயிறு சேற்றை விட்டு எழும்பிவிட்டது. இறால் தரையோடு போகிற ஜீவன்; கயிற்றுக்கு அடியில் ராஜபாட்டையாகப் போயிருக்கிறது. இழுப்பு கூடக் கூட, கெட்டி ஈயம் கயிற்றைப் பிடிக்காமல் வெடித்துக் கழன்றிருக்கிறது. அடிக்கயிற்றில் பாதி வெறுமையாக இருந்தது.

"நீரோட்டம் ரொம்ப அதிகம் போல" என்றான் ரகு. என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. குண்டு வேறு, வலை வேறு என்று நாற்பத்தெட்டு வயசில் தெரியவில்லையா என்பது அதன் சுருக்கம். பிறகு அவனும் ஒரு வெடித்த துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முகம் சுண்டிப்போனது. வருத்தப்பட்டான், உண்மையாகவே வருத்தப்பட்டான். அதோடு விட்டிருக்கலாம்.

எட்டு மணிக்கு வலைக் கொட்டகையில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். பாடு வீணாய்ப் போனால் கேட்பது வழக்கமாம். முனுசாமி ஓரமாகத் தலை குனிந்து நின்றார். பெண்கள் கொட்டகைக்கு வெளியே. ரகுவையும் என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

பெரியவர் ஒருவர் வெடித்த ஈயத்தைக் கையில் வைத்துப் பார்த்தார். "எங்க வாங்கன?"

"பொன்னேரிலேர்ந்து வந்த சரக்கு" என்றார் ஏழுமலை.

"கட்னது?"

"நான்தான்."

பெரியவர் வலது கை மறைந்திருந்த வேட்டி மடிப்பைப் பார்த்தார். பிறகு துண்டைக் கீழே போட்டார். "சரக்கு கெட்ட சரக்கு. யாருக்கும் நடக்கறதுதான். நேத்து அவன் ஒத்தக் கையால எறக்கனத்த ஊரே பாத்துச்சு. பாடு அவன் பேர்லியே இருக்கட்டும். இன்னாப்பா முனுசாமி?"

"எனுக்கு ஒண்ணும் இல்ல பெரிப்பா" என்றார் முனுசாமி. குரலில் ஏமாற்றமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. செல்வி மூச்சு விட்டாள். தோள் துண்டை உதறிக்கொண்டு ஆட்கள் எழ ஆரம்பித்தார்கள்.

என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து கொட்டகைக்குள் போனான். சட்டையைப் பிடித்தேன், நழுவிவிட்டது. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"ஐயா, ஒரு நிமிஷம். ஏழுமலை அண்ணன் பெருந்தன்மையாப் பேசுறார். தப்பு அவர் மேல இல்ல. ஈயத்தை வாங்கினது நான், வார்த்தது நான். அவரால சுத்தியலைப் பிடிக்கக்கூட முடியல. ஒவ்வொண்ணையும் அடிச்சு மூடினது நான்தான். தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் கொடுங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. யாரோ கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவன் போல நின்றான்.

எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். பெரியவர் அவனைப் பார்க்கவே இல்லை. "அப்டியா ஏழுமல?" என்று மட்டும் கேட்டார்.

ஏழுமலை வேட்டி மடிப்பிலிருந்து வலது கையை வெளியே எடுத்தார். விரல்களை மடக்கப் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. "ஆமா" என்றார்.

 பாடு முனுசாமி பேருக்கு மாறியது. யாரும் சந்தோஷப்படவில்லை. முனுசாமி அண்ணனைப் பார்க்காமல் கடல் பக்கம் நடந்தார். என் தம்பியை ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. விருந்தாளி என்று டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவன் குடித்தான்! எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைப் பிடுங்கி எறிந்திருப்பேன். செல்வி பார்த்துக்கொண்டிருந்ததால் சும்மா இருந்தேன். வேண்டாம் என்று சொல்லியும் எங்களுக்கு இட்லி வைத்தாள். வெடித்த ஈயத் துண்டு ஒன்றை ரகு ஞாபகார்த்தமாகக் கேட்டான். ஏழுமலை பொறுக்கி எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

பத்தே முக்கால் பஸ்ஸில் திரும்பினோம்.  திருப்பாலைவனம் வரும்போது அவன்தான் ஆரம்பித்தான்.

"நான் உண்மையைத்தானே சொன்னேன்க்கா?"

"கொல்லைக் கதவைக் கட்டும்போது உன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"அது... ஒரு ஆள் என் தப்பைச் சுமக்கறதைப் பார்த்துட்டு எப்படி உட்கார்ந்திருக்க முடியும்?"

"அவர் உன் தப்பைச் சுமக்கலடா. தன் பாட்டைக் காப்பாத்திக்கிட்டு இருந்தார். உனக்கு மனசு லேசாகணும்னு அவர் சோத்துல கை வச்சுட்டே."

முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பொன்னேரிவரை கத்தினேன். அதே டயர் கடையைத் தாண்டும்போது அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எங்கள் தெருவிலும் ஆட்களுக்குள் வழக்கு வரும். தண்ணீர் லாரி, கார் நிறுத்தும் இடம். உண்மை பேசுகிறவன் பக்கம் நியாயம் என்றுதான் நானும் இத்தனை காலம் நினைத்திருந்தேன். பேச எழுந்திருக்கிறவன் அந்தப் பேச்சுக்காக எதை இழக்கிறான் என்று யாரும் பார்ப்பதில்லை. என் தம்பி இழந்தது ஒன்றுமில்லை. அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டான்.

செல்வி சில வாரம் எங்கள் தெருப் பக்கமே வரவில்லை. மாசி பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடையோடு வாசலில் உட்கார்ந்தாள். "தம்பி ஊருக்கு நல்லபடியா போய் சேந்துச்சாக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். அதற்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம். ஏழுமலையைப் பற்றிக் கேட்டேன்.

"கொயுந்தன் படகத் தள்ள அவரு போறாரு. கூலி கரெக்டா குடுத்துடுது அது." கூடையின் துணியை விலக்கினாள். ஒருபக்கம் நண்டு, ஒருபக்கம் பெரிய வெள்ளை இறால். "இது கொயுந்தன் பாட்டு எறாலு. நண்டு மட்டும் நம்ம ஊட்டுது."

நண்டு வாங்கினேன். அவளே உடைத்துக் கொடுக்க ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. வீடியோவில் ரகு, தொப்பியோடு. போட்டியிலிருந்து அப்போதுதான் வந்தானாம். இடுப்பு வார்ப்பட்டையில் அந்த வெடித்த ஈயத் துண்டைக் கோத்து மாட்டியிருந்தான். அங்கே எல்லோரிடமும் நடந்ததைச் சொன்னானாம், ஒருவர் கண் கலங்கிவிட்டாராம்.

"அங்க ஞாயித்துக்கிழமை காலை ஆச்சே, செல்வி வந்திருக்காங்களா? குடு, ஒரு தடவை சரியா மன்னிப்பு கேட்டுடறேன். அன்னைக்கு அவங்ககிட்ட தனியா பேசவே இல்ல."

போனைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு செல்வியைப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"வந்தாடா. இப்பத்தான் போனா" என்றேன்.

"சரி, அடுத்த வாரம் பேசறேன்" என்றான்.

"அடுத்த வாரமும் போயிருப்பா" என்று சொல்லிப் போனை வைத்தேன். செல்வி அடுத்த நண்டை எடுத்து உடைத்தாள்.